ஐந்து பவுணுக்குக் கொஞ்சம் குறைவு: எங்கள் பல்லிக்கு வைத்தியம் பார்த்த கதை

திருகோணமலையில் பல்லிக்கு வைத்தியம் தேடிப் போனால் முதலில் கிடைப்பது சிரிப்புத்தான். அடுத்தது, "சுவர்ல ஓடுறதோ?" என்ற கேள்வி. எங்களுடையது லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால், வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண் இமை. கொழும்பில் ஒரு கடையில் மகனுக்காக வாங்கியது. இதை வளர்க்கிறவர்களுக்கு மிச்சம் தெரியும் என்பதால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

கச்சான் காற்று, அதுதான் அந்த வறண்ட சூட்டுக் காற்று, எழும்பிய கிழமையில் தோல் உரிக்கத் தொடங்கியது. வழமையாக ஒரே இரவில் உரித்து, உரித்த தோலையும் தின்றுவிட்டுப் படுத்துக்கிடக்கும். இந்த முறை பாதியில் நின்றுவிட்டது. கால் விரல்களில் வெள்ளையாய் இறுகிய வளையங்கள். வலது கண் திறக்கவே இல்லை. இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பிராணி என்பதால் சாப்பாடும் நின்றது. வால் மெலிந்தது. கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான். அது சுருங்கினால் கையிருப்பு கரைகிறது என்று அர்த்தம்.

இணையத்தில் எதைத் திறந்தாலும் சூடு காட்டு, விளக்குப் போடு, அடியில் சூட்டுப் பாய் வை என்றுதான் இருக்கிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதியது. கச்சான் அடிக்கும் நாளில் உவர்மலையில் ஒரு வீட்டு அறைக்குள் மத்தியானம் இருந்து பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். இங்கே குறைவது சூடு அல்ல, ஈரம். இந்தச் சாதி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பகலெல்லாம் அது கிடப்பது பொந்துக்குள். பொந்துக்குள் ஈரம் இருக்கும், எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை.

முதலில் போனது ஒரு தனியார் மிருக வைத்திய கிளினிக்கிற்கு. போன் எடுத்துக் கேட்டபோது, "ஓம், எல்லா மிருகமும் பார்ப்பம், கொண்டு வாங்கோ" என்றார்கள். வெயிலுக்குள் ஆட்டோ பிடித்துப் போனால், மேசையில் இருந்த பிள்ளை பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "நாயா பூனையா எண்டு எழுதோணும் அக்கா" என்றது. பெட்டியைத் திறந்து காட்டினேன். கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. "உடும்புக் குட்டியோ? இது வனஜீவராசிகள் திணைக்களத்துப் பிரச்சினை. பில் இருக்கோ?"

உடும்பைப் பிடித்து வளர்ப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம், அதனால் அந்தப் பிள்ளை கேட்டதில் பிழை இல்லை. பில்லும் என்னிடம் இருந்தது, அதில் எழுத்துத்தான் இல்லை. கடைகளில் மெசினில் அடித்துத் தரும் அந்த வழுவழுப்பான காகிதத்தில் மை சில மாதத்திலேயே மறைந்துவிடும். வெறும் வெள்ளைத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் வெளியே வந்த டொக்டர், "ஊர்வன நான் பாக்கிறேல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அவர் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. அதைப் போனிலேயே சொல்லியிருந்தால் ஆட்டோக் காசும் பல்லியின் அலைச்சலும் மிஞ்சியிருக்கும். "மிருகம் பார்ப்பீர்களா" என்று கேட்காதீர்கள். "பல்லி பார்ப்பீர்களா, பார்க்கிற டொக்டர் இன்றைக்கு இருக்கிறாரா" என்று கேளுங்கள். பில் வாங்கின அன்றே அதைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

இலங்கையில் மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான். அந்தப் பக்கம் விசாரித்தால் ஆள் கிடைக்கும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். கிடைத்தார். வட்ஸ்அப்பில் படம் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிராம்?"

சமையலறைத் தராசு ஐந்தைந்து கிராமாகத் தாவுகிற வகை. இந்த அளவு உடம்பில் ஐந்து கிராம் என்பது பெரிய கணக்கு. மருந்தளவும் நிறையை வைத்துத்தான். மீன் கடைத் தராசு, பலசரக்குக் கடைத் தராசு எல்லாம் யோசித்துவிட்டு எங்களுக்குத் தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். முதலாளி ஒரு நிமிடம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடி மூடிக்குள் இருந்த தராசில் வெறும் பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூச்சியமாக்கி, பல்லியை உள்ளே விடச் சொன்னார். மோதிரம் பார்க்க வந்த ஒரு குடும்பமே எட்டிப் பார்த்தது. 38.42. "ஐஞ்சு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு அக்கா" என்றார். வாங்கிய அன்று கடைக்காரர் நிறுத்துச் சொன்ன 52 கிராமை மகன் கொப்பியில் எழுதி வைத்திருந்தான். கால்வாசி உடம்பு போய்விட்டிருந்தது. டொக்டர் உடனே கொண்டு வரச் சொன்னார்.

கண்டி பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டியோடு ஏறினால் கொண்டக்டர் கேட்பது ஒன்றே ஒன்று: "என்ன, மீனோ? பின்னுக்குப் போடுங்கோ." திருகோணமலையில் இருந்து அந்தப் பெட்டி வேறெதற்குப் போகும்! தயவுசெய்து டிக்கிக்குள் போட விடாதீர்கள், கந்தளாய் தாண்டுவதற்குள் உள்ளே அவிந்துவிடும். மூடியில் காற்றுத் துளை போட்டு, அடியில் ஈரமான டிஷ்யூ விரித்து, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அங்கே எல்லாம் சுமுகம். கண்ணைச் சேலைனால் கழுவி, இமைக்கு உள்ளே சுருண்டிருந்த பழைய தோலை எடுத்தார். அது உரசிக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலத்தில் கீறல். டோப்ராமைசின் சொட்டு மருந்து எழுதித் தந்தார்.

அடுத்த வில்லங்கம் ஊருக்குத் திரும்பி, மருந்து வாங்கிய இடத்தில். மருந்துத் துண்டைப் பார்த்த ஆள் ஒரு பெட்டியை எடுத்துத் தந்து, "அதேதான், இது இன்னும் நல்லம், கெதியாச் சுகம் வரும்" என்றார். வீட்டில் வந்து சொட்டு விடுமுன் பெட்டியின் பொடி எழுத்தை மகன் வாசித்தான். டோப்ராமைசினோடு டெக்ஸாமெதசோனும் இருந்தது. அது ஸ்டீரொய்ட். கருவிழியில் கீறல் இருக்கும்போது ஸ்டீரொய்ட் விட்டால் புண் ஆறாது, கிருமி இன்னும் பரவலாம். மனிதருக்கும் இதே விதிதான். திருப்பிக் கொண்டுபோனால், "கண்ணுக்கு எல்லாம் ஒண்டுதான் அக்கா, பல்லிக்குத்தானே" என்கிறார். உடைத்த பெட்டியை மாற்றவும் இல்லை, காசு தரவும் இல்லை. வேறு இடத்தில் சரியானதை வாங்கினேன். சொல்ல வந்தது இதுதான்: துண்டில் ஒரு பெயர் இருந்தால் பெட்டியிலும் அந்த ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். அகலமான டப்பாவில் வயிறு நனையுமளவு வெதுவெதுப்பான தண்ணீர், 30 பாகை அளவில், கால் மணித்தியாலம். பக்கத்திலேயே இருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போகக்கூடாது. எங்கள் ஊரில் கூரைத் தாங்கியில் இருந்து வருகிற மத்தியானத் தண்ணீர் அதைவிடச் சுடும், ஆகவே கையை நம்பாமல் வெப்பமானி வையுங்கள். பிறகு ஈரமான பஞ்சுக் குச்சியால் விரல் அடியில் இருந்து நுனிக்கு மெதுவாக உருட்ட வேண்டும். காய்ந்த தோலை இழுத்தால் சதையோடு வரும். வளையத்தை அப்படியே விட்டாலோ இரத்த ஓட்டம் நின்று விரல் விழும். இரண்டுக்கும் நடுவில் பொறுமைதான். ஒரு மாலையில் பின்காலின் நடு விரல் தோல், கையுறையின் விரல் மாதிரி முழுசாகக் கழன்று பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. மகன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

அந்த அக்காதான் நிலாவெளி மண் அள்ளி வந்து பெட்டியில் பரப்பச் சொன்னவர். வேண்டாம். இரையோடு மண்ணை விழுங்கினால் குடல் அடைக்கும். நோயாளிக்குச் சமையலறை டிஷ்யூவே போதும், மலம் வந்ததா இல்லையா என்பதும் தெரியும். ஈரத்துக்குப் பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் வாசல் வெட்டி உள்ளே நனைந்த டிஷ்யூ வைத்தேன். இன்னொரு மூலையில் கவிழ்த்த மண்சட்டி. வெளிப்பக்கத்தை அடிக்கடி நனைத்தால் அந்த மூலை குளிரும். பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் பல்லிச் சாமான் கழுவாதீர்கள். சல்மொனெல்லா கிருமி இவற்றின் மலத்தில் இருக்கலாம். எங்கள் அம்மா இந்த ஒரு விசயத்தில் டொக்டரைவிடக் கண்டிப்பு.

சாப்பிட மறுத்தபோது வாயை நெம்பித் திறக்க வேண்டாம், தாடை உடையும் என்றார் டொக்டர். புழுவை நசுக்கி அதன் சாற்றை உதட்டில் பூசினால் நக்கும். முதல் இரண்டு மூன்று தரம் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு நாக்கு வந்தது. புழு வாங்குவது குருவி விற்கிறவர்களிடம். முற்றத்து வெட்டுக்கிளி இலவசம்தான், ஆனால் டெங்குப் புகை அடித்த தெருவில் பிடித்ததைக் கொடுத்தால் நஞ்சையும் சேர்த்துக் கொடுப்பீர்கள். கொடுக்கும் புழுவில் கல்சியம் தூள் பிரட்ட மறக்க வேண்டாம்.

கண் திறந்துவிட்டது, வாலும் தடிக்கிறது. நகைக்கடையில் இப்போது 44 கிராம் காட்டுகிறது. முன்காலில் ஒரு விரல் நுனி மட்டும் போய்விட்டது. சுவரில் ஏறும் சாதி இல்லை என்பதால் அதற்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. செலவுக் கணக்கைக் கேட்ட என் தம்பி, "அந்தக் காசுக்குப் புதுசா ரெண்டு வாங்கியிருக்கலாமே அக்கா" என்றான். மகன் அவனோடு இன்னும் கதைக்கிறதில்லை.