சிம்சுமாரத்துக்குத் தோல் வந்தாச்சு

நான் வரைந்துகொண்டிருக்கும் சிம்சுமார ஓவியத்துக்கு ஒருவழியாகத் தோல் வந்துவிட்டது! வயிற்றில் ஆகாச கங்கை, அதாவது பால்வீதி, நான் ஆசைப்பட்டபடியே கிளைவிட்டு ஓடுகிறது.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் உருவம் இது. நட்சத்திர மண்டலம் மொத்தமும், தலையைக் கீழே தொங்கவிட்டு வலஞ்சுழியாகச் சுருண்ட ஒரே நீர்விலங்கு. வால் நுனியில் துருவன், இடுப்பில் சப்தரிஷிகள், கழுத்தில் ராகு, வாயில் செவ்வாய். மிச்சமுள்ள நட்சத்திரங்கள் எல்லாம் அதன் மயிர்க்கால்களில். இந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஃபேன்டஸி ஓவியம் என்றாலே நெபுலா பின்னணி போட்டு, அதன்மேல் ஓநாயையோ திமிங்கிலத்தையோ உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒட்டுறவே இருப்பதில்லை. இங்கே விலங்கின் தோல்தான் வானம். அதனால் பின்னணியை வெறும் பெயின்ஸ் கிரே என்ற நீலச் சாம்பல் வண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

டூத்பிரஷ்ஷால் தெறித்தால் நட்சத்திரம் கிடைக்கும், தோல் கிடைக்காது. அதற்கு டெகல்கோமேனியாதான்: ஈர வண்ணத்தின்மேல் ஒரு ஷீட்டை அழுத்தி உரித்து எடுக்கும் முறை. 1930களில் ஆஸ்கர் டொமிங்கெஸ் என்ற சர்ரியலிச ஓவியர் குவாஷில் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) செய்தது. இன்னொரு சர்ரியலிஸ்ட்டான மாக்ஸ் எர்ன்ஸ்ட் அதை ஆயில் வண்ணத்துக்குக் கொண்டுபோனார். நம் ஊர் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும் அக்ரிலிக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு.

ஷீட்டை உரிக்கும்போது, ஓரத்திலிருந்து காற்று ஈர வண்ணத்துக்குள் வழி பிளந்துகொண்டு நுழைகிறது. கிளைகள் உருவாவது அப்படித்தான். வண்ணம் நீர்த்திருந்தால் கிளைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். காயத் தொடங்கியிருந்தால் பிய்ந்துகொண்டு வரும். தாலோ நீலம் என்ற அடர்நீல வண்ணத்தில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்து, கடைந்த தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, ஃபேனை அணைத்துவிட்டுத்தான் ஷீட்டில் கை வைக்க வேண்டும். உரிக்கும் போக்கிலேயே கிளைகள் நீளும் என்பதால், சுருண்ட உடம்பில் ஒரே பெரிய ஷீட் எடுபடாது. ஆப்பு வடிவில் சிறு துண்டுகளாக வெட்டி, கழுத்திலிருந்து வால் பக்கமாக ஒவ்வொன்றாக உரித்தேன். முதுகில் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் தானாகவே ஒரு செதில் வரிசை விழுந்திருக்கிறது. தூரிகையால் அதை என்னால் போடவே முடியாது!

கான்வாஸ் வேண்டாம், அதன் நெசவு கிளைகளை உடைத்துவிடும். எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திச் செய்த) பலகையில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடித்து, வழவழவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். உரிப்பதற்கு நான் பயன்படுத்தும் ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) இப்போது ஜெராக்ஸ் கடைகளில் லேசில் கிடைப்பதில்லை. பாரிமுனைப் பக்கம் மொத்தமாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டேன். தடித்த ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லியது நடுவில் மடங்கி, கிளைகளின் குறுக்கே கோடு போட்டுவிடுகிறது.

வாயில் செவ்வாய்க்குக் காட்மியம் சிவப்பு இன்னும் வைக்கவில்லை, ராகுவைத் தொடவே இல்லை. அதற்குள் மனசு அடுத்த படத்துக்குப் போய்விட்டது. இன்றைய துருவ நட்சத்திரம் சிறு கரடியின் வால் நுனியில் இருக்கிறது; கி.மு. 2700 வாக்கில் துருவ நட்சத்திரமாக இருந்த துபான், டிராகன் மண்டலத்தின் வாலில். அன்றும் இன்றும் ஏதோ ஒரு விலங்கின் வாலைச் சுற்றியே வானம் சுழன்றிருக்கிறது என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது. அந்த டிராகனையும் வலஞ்சுழியாகச் சுருட்டி, சிம்சுமாரத்துக்கு ஜோடியாக மாட்டப்போகிறேன். அதே அளவில் பலகை அறுத்து, முதல் கோட் ஜெஸ்ஸோவும் அடித்தாயிற்று.