வெள்ளிக் கிண்ணமும் ஒரு பாவாடையும்

அமெரிக்காவின் தொடக்ககால ஆங்கிலக் குடியேறிகளில் ஒருவரான மேரி சில்டன் என்பவரின் உயிலை நேற்றிரவு படித்துக்கொண்டிருந்தேன். 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த சிறுமி. தந்தை ஜேம்ஸ் சில்டன் கப்பல் நங்கூரமிட்டிருந்தபோதே இறந்தார். முதல் குளிர்காலத்தில் தாயும் போய்விட்டார். பிறகு ஜான் வின்ஸ்லோவை மணந்து பாஸ்டனில் வாழ்ந்தவர்.

உயில் 1676இல் எழுதப்பட்டது. கணவர் உயிருடன் இருக்கும்வரை பெண்கள் பொதுவாக உயில் எழுத முடியாத காலம் அது. இவர் கைம்பெண் என்பதால்தான் நமக்கு இது கிடைத்திருக்கிறது.

பெரிய சதுர மேசை மகன் ஜானுக்கு. இருப்பதில் நல்ல கவுனும் பாவாடையும், வெள்ளிக் கிண்ணமும் மகள் சாராவுக்கு. நீண்ட மேசை, ஸ்டூல்கள், ஆறு வெள்ளிக் கரண்டிகள் சூசன்னாவுக்கு. இன்னொருத்திக்கு ஒரு வெள்ளை ‘ரக்’. (அக்காலத்தில் அது தரைவிரிப்பு அல்ல, படுக்கைமேல் போர்த்துவது. நானும் முதலில் ஏமாந்தேன்.)

வம்சம் தேடுகிறவர்களுக்குத் தங்கம் அந்த வெள்ளியில் இல்லை. "என் மகள் சாரா மிடில்காட்", "என் மகள் சூசன்னா லேதம்" என்று எழுதியிருக்கிறாரே, அதில் இருக்கிறது. திருமணத்தோடு குடும்பப்பெயர் மாறி மறைந்துபோகும் மகள்கள், தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தென்படுகிறார்கள்.