பார்கோ கேபினின் கூரையை 3 அங்குலம் இறக்கிய அனுபவம்

பழைய லாரி கேபினைக் கண்ணாடி மட்டத்தில் வெட்டி, சில அங்குலத் தகட்டை எடுத்துவிட்டு, கூரையை இறக்கி மறுபடி வெல்டிங் வைப்பதை அமெரிக்கர்கள் 'சாப்' என்பார்கள். 1930, 40களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி ஓட்டிய இளைஞர்கள் காற்று முட்டுவதைக் குறைக்க இதைச் செய்தார்கள். பிறகு அழகுக்காகவே செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு வேகமெல்லாம் வேண்டாம். அந்தக் குறுகிய முன்கண்ணாடியும், புருவத்தை இறக்கி முறைக்கிற மாதிரியான அந்த முகமும் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

நான் கணக்கெழுதுகிற ஆள். கிரைண்டரைக் கையில் பிடித்ததே இந்த வேலைக்காகத்தான். கேபின் பெங்களூர் சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்புச் சந்தையில், கிடைத்தது. பார்கோ என்றார் விற்றவர். மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி கிறைஸ்லர் உரிமத்தில் செய்த வண்டி. நம் ஊரில் லாரி கேபின் என்றால் பெரும்பாலும் சேஸிஸை மட்டும் வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் மரமும் தகடுமாகக் கட்டிக்கொள்வதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் முழுக்க அச்சில் அழுத்திய இரும்புத் தகட்டுக் கேபின் கிடைப்பது அபூர்வம். மரக் கேபினை இப்படி வெட்டி இறக்குவதில் அர்த்தமும் இல்லை, புதிதாகவே கட்டிவிடலாம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த வண்டியில் இதைச் செய்யாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள். நான் வாங்கியது வெறும் கேபின். சேஸிஸ் இல்லை, ஆர்.சி. இல்லை. தெருவுக்கு வரப்போவதும் இல்லை. பீன்யாவில் நண்பனின் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஒரு மூலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் பச்சைப் பாதையிலேயே பீன்யாவில் இறங்கிவிடலாம்.

அந்த ஷெட்டுக்கு வந்துபோகும் டிங்கர் ஒருவர், தர்மபுரிக்காரர், நாற்பது வருடமாக பெங்களூரில் தட்டுகிற கை. என் அட்டைப் படங்களையும் கோடுகளையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி கூரையைப் பற்றி அல்ல. "கதவு ஒழுங்கா மூடுதா தம்பி?" என்றார்.

மூடவில்லை. கீல் ஊசிகள் தேய்ந்து, கதவு பூட்டுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "தொங்குற கதவை வெச்சு அளந்தா கூரையும் தொங்கும்" என்றார். ஆகவே வெட்டுவதற்கு முன்பே கீல் ஊசியும் புஷ்ஷும் மாற்றி, கதவின் அடிப்பக்கத் துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து, சுற்றிலும் ஒரே இடைவெளி வரும்வரை தட்டினோம். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் அந்தக் கீலுக்கான ஊசி கிடைக்கவில்லை, லேத்தில் கடைந்துகொண்டேன். கூரையைத் தொடாமலே மழைக்காலம் போய்விட்டது.

அடுத்தது முட்டுக் கொடுப்பது. கூரையை எடுத்ததும் கேபின் பலமிழந்து விரியும், கதவு வாசல் அகலும். அதனால் கேபினை மட்டமான சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, 1 அங்குலச் சதுரக் குழாயைக் கதவு வாசல்களில் குறுக்கும் மறுக்குமாக வைத்துப் பற்றவைத்தோம். இடமிருந்து வலமாகவும் ஒரு குழாய். எல்லாம் வெட்டுக்கோட்டுக்குக் கீழே. மட்டம் பார்க்கக் கொத்தனார் சாமான்களே போதும்: ரசமட்டம், தூக்குக் குண்டு, தண்ணீர் நிரப்பிய ட்யூப். லேசர் மட்டமெல்லாம் வாங்க வேண்டியதில்லை.

எத்தனை அங்குலம் எடுப்பது என்பதற்கு ஒரு சுலப வழி உண்டு. கேபினைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிப் பகுதியிலிருந்து ஒரு பட்டையைக் கத்தரித்து, மேல் துண்டை இறக்கிப் பாருங்கள். 5 அங்குலம் படத்தில் பிரமாதமாக இருந்தது. ஆனால் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தால் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தது. 3 அங்குலம் என்று முடிவானது.

கோடு போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 3 அங்குலம் என்பது செங்குத்தாக 3. முன்கண்ணாடியின் பக்கத்தில் கூரையைத் தாங்கும் முன் தூண் சாய்ந்து நிற்கிறது. எங்கள் கேபினில் சுமார் 15 பாகை. அந்தச் சாய்வின் மேலேயே டேப்பை வைத்து 3 அளந்தால் போதாது, கிட்டத்தட்ட ஒரு நூல் கூட்டி எடுக்க வேண்டும். (8 நூல் ஓர் அங்குலம்.) வெட்டு எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் வர வேண்டியதில்லை. தூண் எங்கே நேராக இருக்கிறதோ அங்கே வெட்டலாம். செங்குத்து அளவு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பின்சுவரில் ஜன்னலுக்குக் கீழே வெட்டுவதுதான் என் திட்டம். ஜன்னல் முழுசாக அப்படியே இறங்கிவிடும், அங்கே தகடும் தட்டை. பெயின்டைச் சுரண்டியபோது பழுப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை, அந்தப் பச்சையின் மேல் மஞ்சள் தூரிகையில் 'முருகன் துணை' என்று எழுத்து. 'ணை'யின் சுழி மட்டும் துருவில் போயிருந்தது. சரியாக என் 3 அங்குலப் பட்டைக்குள்.

"சாமி பேர்ல பிளேடு வைக்க மாட்டேன்" என்று டிங்கர் அண்ணன் தள்ளி நின்றுவிட்டார். எனக்கும் மனசு வரவில்லை. ஜன்னலுக்கு மேலே வெட்டுவதாகக் கோட்டை மாற்றினோம். அதற்கு விலை உண்டு: அங்கே சுவர் கூரையாக வளையத் தொடங்குகிறது. இரண்டு விளிம்பும் பொருந்தவே பொருந்தாது. அந்த எழுத்துக்காகப் பிற்பாடு செலவான மணி நேரத்தை முருகன்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

வெட்டியது அரை நாள்தான். 1 மில்லி தடிமன் கட்டிங் வீல், உள்ளிருந்த நார் மெத்தையெல்லாம் முன்பே பிய்த்தாயிற்று, பக்கத்தில் மணல் வாளி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகமூடியும், ஈரம் வைத்துச் சுரண்டுவதும் கட்டாயம். நான்கு பேர் கூரையைத் தூக்கினோம், பட்டையை எடுத்தோம், இறக்கினோம்.

பொருந்தவில்லை. தெரிந்ததுதான். தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன, ஆகவே மேல் பாதியின் அடி சிறியது, கீழ்ப் பாதியின் தலை பெரியது. 15 பாகைச் சாய்வில் 3 அங்குலம் எடுத்தால் 6 நூலுக்குச் சற்று மேல் விலகல் வரும். சரிசெய்ய இரண்டு வழி. கூரையைக் கூட்டல் குறி மாதிரி நான்காக வெட்டி, அகற்றி, இடையில் தகடு வைப்பது ஒன்று. முன் தூணை அடியில் பாதி வெட்டி இன்னும் பின்னால் சாய்ப்பது இன்னொன்று. முதல் வழியில் கூரை நடுவே நீள வெல்டிங் ஓடும், அந்தப் பெரிய தகடு நெளிந்தால் என் கைக்கு அடங்காது. இரண்டாவதையே எடுத்தோம். பின்மூலைகளில் மட்டும் தையற்காரர் ரவிக்கைக்கு டக் பிடிக்கிற கணக்கில் கூம்பு கூம்பாக வெட்டி மடக்கினோம். முருகனுக்கு உண்டான வேலை அதுதான்.

கேட், கிரில் செய்யும் பட்டறைகளின் ஆர்க் வெல்டிங் இதற்கு ஆகாது. 18 கேஜ் தகடு, அதாவது 1.2 மில்லி, ஓட்டை விழும். 0.8 மில்லி கம்பி போடும் சி.ஓ.டூ. (கரியமில வாயு) வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். ஓர் அங்குலத்துக்கு ஒரு வெல்டிங் புள்ளி. இங்கே ஒன்று வைத்தால் அடுத்தது எதிர் மூலையில். கை வைத்தால் சுடாத வரைக்கும் பக்கத்தில் போகக் கூடாது. சூடான இடம் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். புள்ளியைத் தேய்த்துவிட்டு, உள்பக்கம் டாலியை (கையடக்க இரும்புக் கட்டையை) முட்டுக் கொடுத்து வெளியே சுத்தியால் தட்டினால் சுருங்கியது விரியும். இதை அண்ணன் காதால் செய்கிறார். டாலி சரியாக முட்டினால் 'டிங்' என்று கணீரென வரும், விலகினால் மொத்தையாக. பின்சுவரை அவர்தான் முடித்தார், எனக்குத் தூண்களை விட்டார்.

அப்புறம் மறுபடி கதவு. கதவுச் சட்டத்திலும் அதே 3 அங்குலம். ஆனால் இப்போது வாசல்தான் அளவுகோல், முன்பு எழுதி வைத்த எண்கள் எதற்கும் உதவாது. முன் தூண் கூடுதலாகச் சாய்ந்ததால் கதவின் முன்சட்டமும் சாய வேண்டும். முக்கோணச் சின்ன ஜன்னலின் கம்பியும் அதோடு சேர்ந்து. கீழ்க் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, மேல் சட்டத் துண்டுகளை வாசலில் ஆப்பு வைத்து நிறுத்தி, அந்த நிலையிலேயே புள்ளி வைத்தோம். கண்ணாடி ஓடும் காடியில் ஒரு நூல் கோணல் வந்தாலும் கண்ணாடி பாதியில் பிடிக்கும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கதவுகள்தான் தின்றன.

கண்ணாடி எளிதாக முடிந்தது. முன்னது நடுவே கம்பி வைத்த இரண்டு தட்டைத் துண்டு. அட்டையில் அச்செடுத்துக் கொடுத்தால் லேமினேட்டட் கண்ணாடியை இரண்டு பக்கமும் கீறி உடைத்து, நடுவிலுள்ள படலத்தை அறுத்துத் தந்துவிடுகிறார்கள். டஃபன்ட் கண்ணாடியை வெட்ட முடியாது, தொட்டால் பொரிந்துவிடும். அட்டை அச்சை, கண்ணாடியைச் சுற்றி வரும் பீடிங் ரப்பரின் தடிமனைக் கழித்த பிறகு எடுங்கள்.

இப்போது ரெட் ஆக்சைடு அடித்து நிற்கிறது. ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் இடப்பக்கக் கூரை ஓரத்தில் ஒழுகியது, சீலன்ட் வைத்தாயிற்று. பின்சுவரில் அந்தப் பச்சைப் பட்டையை மட்டும் மறைத்துவிட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வைப்பர் கைகள் புதுக் கண்ணாடிக்கு நீளம், அவற்றையும் வெட்ட வேண்டும். சீட்டை 2 அங்குலம் இறக்கத் தரைத் தகடு தயார். அடுத்த ஞாயிறு அதுதான்.