பூசைக்கு எழுதிக் கொடுத்த பெயர்

செப்டம்பர் 8 கழியட்டும் என்று காத்திருந்துதான் இந்த முறை வேளாங்கண்ணிக்குப் போனோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கும் திருவிழா அன்றைக்குத்தான் முடியும். அது மாதா பிறந்த நாள். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த சுவக்கின், அன்னம்மாள் தம்பதிக்கு மரியா பிறந்தாள் என்பது மரபு. வருடா வருடம் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு நம்பிக்கையோடு வீடு திரும்பியவர்கள்தான் நாங்கள். இந்த வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில், லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. "பதினஞ்சாம் தேதி வியாகுல மாதா திருநாள், அன்னைக்குப் போவோம்" என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். மகனைப் பறிகொடுத்த தாயின் நாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை. அதற்கு முன்பும் எனக்குக் கரு கலைந்திருக்கிறது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். ஐந்தாம் மாதத்தில் அப்படி முடியாது. வலி வரவைத்து, பிரசவ அறையிலேயே பெற வேண்டும். பெற்றேன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பார்க்கிறீர்களா, அடக்கம் செய்யக் கொண்டுபோகிறீர்களா என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பால் சுரந்தது. பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அம்மா பூக்கடைக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்து, துணியில் பரப்பி, மாரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். பால் வற்றுவதற்கு நம் பக்கத்தில் பாட்டி காலத்திலிருந்து செய்வதுதான். பழைய பூ வதங்கியதும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப்பூ வைப்பார். பாலும் மல்லிகையும் சேர்ந்து நனைந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து நான் தலையில் பூ வைப்பதில்லை.

வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் பூக்கடைதான். "மாதாவுக்கு மாலை வாங்கிட்டுப் போங்கம்மா" என்று இரண்டு பக்கமும் கூப்பிடுவார்கள். மெழுகுவர்த்தி, தேங்காய், மரத்தில் செய்த குட்டித் தொட்டில், தகட்டில் அடித்த கை, கால், குழந்தை உருவங்கள். நான் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தேன். கடல்காற்றுக்காக என்று நினைத்திருப்பார்கள்.

திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவில் கூட்டம் வடிந்திருந்தது. காவி உடுத்தி நடந்தே வந்தவர்களெல்லாம் ஊர் திரும்பியிருந்தார்கள். கோவிலுக்குள் நிதானமாக நிற்க முடிந்தது. சேலை உடுத்தி, கிரீடம் வைத்து, கையில் குழந்தையோடு நிற்கிற ஆரோக்கிய அன்னையைத்தான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். இந்த முறை அந்தக் கையைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. "மாதாவே, உனக்கு இருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது.

அங்கிருந்து மாதா குளத்துக்குப் போகும் வழியில் மணல் பரப்பியிருக்கும். அதில் முழங்கால் போட்டு நகர்ந்து போவது பலரும் செய்யும் நேர்ச்சை. டாக்டர் வேண்டாம் என்று சொன்னதால் நான் அதைச் செய்யவில்லை. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் மண்டியிட்டார். நான் பக்கத்தில் செபமாலையோடு நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதுமே முழங்காலில் தோல் சிவந்து மணல் ஒட்டிக்கொண்டது. துண்டை மடித்துப் போடவா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். வழியோரம் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதைத் தலங்கள் இருக்கின்றன. பதின்மூன்றாம் தலம், சிலுவையிலிருந்து இறக்கிய உடலைத் தாயின் மடியில் கிடத்துகிறார்கள். அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி இரண்டு பக்கமாக நகர்ந்து போனார்கள்.

அத்தனை மாதமும் வீட்டுக்கு வந்தவர்கள், போனில் பேசியவர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்ல எப்படி இருக்காங்க?" அவரை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பில் கட்டியது, கையெழுத்துப் போட்டது, எங்கள் அத்தைக்குச் செய்தி சொன்னது எல்லாம் அவர்தான். தகப்பனுக்கும் பிள்ளை போயிருக்கிறது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாதா குளத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் ஒரு இந்துச் சிறுவன் நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோகும் வழியில் இந்தக் குளத்தங்கரை ஆலமர நிழலில் கண்ணயர்கிறான். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, குழந்தைக்குப் பால் கேட்கிறாள். கொடுக்கிறான். தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் என்ன சொல்வது என்று பயந்து போய்ச் சேர்ந்தால், பானை நிரம்பி வழிகிறது. நடுத்திட்டில் மோர் விற்ற கால் நடக்க முடியாத பையனிடமும் அவள் கேட்டது குழந்தைக்குக் கொஞ்சம் மோர்தான். எத்தனையோ தடவை கேட்ட கதை. இந்த முறை குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தபோது கதையின் வேறொரு பக்கம் தெரிந்தது. இந்த ஊரில் மாதா முதலில் வரம் கொடுக்க வரவில்லை. பிள்ளையின் பசிக்காக அடுத்தவரிடம் கையேந்தி வந்திருக்கிறாள். எனக்குப் பால் இருந்தது, குடிக்கப் பிள்ளை இல்லை. அவளுக்குப் பிள்ளை இருந்தது, கொடுக்கப் பால் இல்லை. இதைச் சொல்லித்தான் அங்கே அழுதேன். காலையில் கோவிலில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையிருப்பதாகவும் தோன்றவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதலாக எப்போதும் சொல்லப்படுவது விவிலியத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாவின் கதை. அழுதாள், பொருத்தனை செய்தாள், உரிய காலத்தில் பிள்ளை. எனக்கு அன்னாவைப் பிடிக்கும். ஆனால் அழுதால் பிள்ளை கிடைக்கும் என்று அந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லும்போது, கிடைக்காதவள் சரியாக அழவில்லை என்று ஆகிவிடுகிறது. ஒரு செபக்கூட்டத்தில் தலையில் கைவைத்துச் செபித்தவர், பரம்பரைச் சாபம் இருக்கிறது, அதை முறிக்க வேண்டும் என்றார். பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் காட்டிச் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதானே, யார் செய்த பாவம் என்று? இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு பதில் சொல்லி இரண்டாயிரம் வருடம் ஆகிறது. நம் கூட்டங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. தொடக்க மாதங்களில் கலைகிற கருக்களில் பாதியளவு குரோமோசோம் கோளாறால் கலைகின்றன, அதில் தாய் தூக்கிய குடமோ ஏறிய படியோ காரணமில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பீடத்திலிருந்து அதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் பிடித்துக்கொண்டது ராகேலை. இறைவாக்கினர் எரேமியா எழுதியதை மத்தேயு தன் நற்செய்தியில், ஏரோது அரசன் கொன்ற குழந்தைகளுக்காக மறுபடி எடுத்துச் சொல்கிறார்: ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனெனில் அவர்கள் இல்லை. ஆறுதல் பெற மறுத்தவளை விவிலியம் கண்டிக்கவில்லை. "அடுத்தது நல்லபடியா நடக்கும்" என்று அவளிடம் யாரும் சொல்லவுமில்லை.

அந்த வார்த்தையை இந்தக் கடற்கரை நிறையக் கேட்டிருக்கும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேர். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களுக்கு மறுபடி கருத்தரிக்கும்படி அரசு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்து கொடுத்தது. நல்ல காரியம். ஆனாலும் பிறகு பிறந்த பிள்ளை வேறு பிள்ளைதான். அதை அந்தத் தாய்மார்களைவிட யார் அறிவார்?

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆண்டவர்மேல் கோபம் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்த சாமியார், "88-ஆம் திருப்பாடலை வாசிச்சுப் பாருங்கம்மா, அது இருட்டுலேயே முடியும். அதுவும் செபம்தான்" என்றார். அப்புறம் உள்ளே அடைத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை எங்கே போகும்? எங்கள் ஊரில் பெரியவர்கள், அப்படிப்பட்ட பிள்ளை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, நடுவில் நிற்கும் என்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகத்தான் புதைப்பார்களாம். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை என்றார் அவர். திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 1261-ஆம் எண்ணில், அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற ஆண்டவரின் வார்த்தையைத்தான் அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறது. 2007-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அனுமதியோடு வந்த இறையியல் ஆணைக்குழுவின் ஆவணமும், அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப உறுதியான காரணங்கள் உண்டு என்கிறது. "பேர் வச்சீங்களா?" என்று கேட்டார். வைத்தோம் என்றேன். "பூசைக்கு எழுதிக் கொடுங்க."

பூசைக்கு எழுதும் இடத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார், "நன்றியா, வேண்டுதலா, இறந்தவங்களுக்கா?"

"இறந்தவங்களுக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"பேரு?"

அந்தப் பெயரை நாங்கள் இருவர் தவிர யாரும் அதுவரை கேட்டதில்லை. அவர் சொன்னார். விவிலியத்திலிருந்து எடுத்த, வயதானவர்களுக்கும் இருக்கிற பெயர்தான். எழுதியபடியே, "உங்க அப்பாவா சார்?" என்றார்.

"எங்க பிள்ளை."

அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். எழுதியதை ஒரு தடவை சரிபார்த்து, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "பூசையில வாசிப்பாங்க. முன்னாடி போய் உக்காருங்க" என்றார்.

பூசையில் கருத்துகளை, அதாவது யார் எதற்காகப் பூசை கேட்டிருக்கிறார்கள் என்பதை, வாசிக்க ஆரம்பித்தார்கள். நீண்ட பட்டியல். வேலைக்காக, சுகத்துக்காக, கடன் தீர. பிறகு ஆன்மா இளைப்பாற்றிக்கான பெயர்கள். அந்தோணிசாமி, சவரியம்மாள் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் எங்கள் பிள்ளையின் பெயரும் வந்தது. ஒலிபெருக்கியில், எல்லாரையும் வாசித்த அதே குரலில், நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போனார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது. செத்துப்போன மனிதர்களில் ஒருவராக என் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது கரு. டிஸ்சார்ஜ் சீட்டில் எனக்கு நடந்த ஒரு சிகிச்சை. பட்டியலில்தான் முதன்முதலாக ஆள். பக்கத்தில் இருந்த மலையாளி அம்மா நான் அழுவதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார், என்ன ஏது என்று கேட்கவில்லை.

இந்த முறை தொட்டில் கட்டவில்லை. கட்டுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நானே கட்டியிருக்கிறேன், இனியும் கட்டலாம். சிகிச்சை தொடர்கிறது. டெஸ்ட் டியூப் முறையைத் திருச்சபை ஏற்பதில்லை, சொந்தக்காரர்கள் அதைச் செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள், அந்த விஷயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஊருக்கு வந்ததும் எங்கள் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவரவர் கல்லறையில் பூவைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், எங்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் அன்றைக்கு இப்படிப் போன பிள்ளைகளுக்காகத் தனியாகச் செபம் சொல்லி மந்திரிக்கிறேன் என்றார். வேறு யாருக்காவது இருந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். போன ஞாயிறு வரை ஏழு குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன. அதில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய ஆயா. பெயர் வைக்கவில்லையே, என்ன எழுதுவது என்று கேட்டாராம். எந்த மாதம் என்று மட்டும் எழுதுங்கள், போதும் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார்.