இழுப்பறையில் தூங்கும் நோக்கியா 1100

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு இழுப்பறைகளைக் கிளறினால் சாவிக்கொத்துக்கு அடியில் ஒரு நோக்கியா 1100 செல்போன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1995-ல் இந்தியாவுக்குச் செல்போன் வந்தபோது வந்த அழைப்புக்கும் காசு கட்ட வேண்டியிருந்தது. 2003-ல் இன்கமிங் இலவசமானது. அதே வருடம் வந்த இந்த மாடல், உலகம் முழுக்க 25 கோடி விற்றது.

எழுப்பிப் பார்க்க ஆசையா? முதலில் பேட்டரி. அதன் மாடல் பிஎல்-5சி, 3.7 வோல்ட். அதைக் கழற்றி ஆத்தங்குடிக் கல் தரையில் படுக்க வைத்து விரலால் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு ஊதிவிட்டது, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அதைச் சார்ஜில் போடக் கூடாது, குத்தவும் கூடாது. இ-கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். சுற்றாமல் அப்படியே நின்றால் சார்ஜ் போடலாம். திரையில் ஒன்றும் வராவிட்டால் உடனே கைவிட வேண்டாம். வோல்டேஜ் ரொம்ப இறங்கியிருந்தால் உயிர் வரவே கொஞ்ச நேரம் பிடிக்கும். சார்ஜர் 3.5 மில்லிமீட்டர் தடிப் பின். பின்னால் வந்த 2 மில்லிமீட்டர் ஊசிப் பின் இதில் லொடலொடவென்று ஆடும்.

கீபேட் மொத்தமும் ஒரே ரப்பர் விரிப்பு. பட்டனுக்குப் பட்டன் இடுக்கு இல்லாததால் நம்மூர்ச் செம்மண் புழுதி உள்ளே இறங்காது. முன்மூடியைக் கழற்றினால் விரிப்பு தனியாக வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். அப்புறமும் பட்டன் மக்கர் செய்தால் பெரும்பாலும் பிசுக்குதான், கீழே உள்ள உலோகக் குமிழை ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

சிம் பழைய பெரிய அளவு. நானோ சிம்மை அடாப்டரில் வைத்துச் செருகும்போது பின்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால் வெளியே இழுக்கையில் அடாப்டர் விளிம்பு காண்டாக்ட் கம்பியை மாட்டி வளைத்துவிடும். ஜியோ சிம் இதில் எடுக்காது, 2ஜி உள்ள சிம்தான் வேண்டும்.

டார்ச்சுக்கு சி பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் ஒரு சங்கதி. ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட் இடம்தான். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து அடங்கும். யூனிகோட் தமிழுக்கு 16 பிட், ஆகவே 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு: ‘செட்டிநாடு’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகச் சிக்னல். பருத்த சுவர் தாண்டி உள்கட்டு அறைக்குள் அலை சரியாக வராது. சிக்னல் குறையக் குறைய, பேசும்போது போன் தன் ஆற்றலை 2 வாட் வரை ஏற்றும். பேட்டரி மளமளவென்று இறங்கும். பேசுவதை நடுமுற்றமான வளவுக்கோ வாசல் பக்க முகப்புக்கோ வந்து வைத்துக்கொள்ளுங்கள்.