கையுறையும் காணாக்கடியும்

அப்பா கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார், வந்தால் சட்டையெல்லாம் ஒட்டுபால், அதாவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால் நாற்றம். அந்த வீட்டுப் பிள்ளைக்கே ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகி 11 வருஷம் கழித்து ஆரம்பித்தது. கையுறையைக் கழற்றினால் அதன் விளிம்பு நின்ற இடத்தில், வளையல் போட்டதுபோல ஒரு தடிப்பு. சோப்புதான் சேரவில்லை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். அப்புறம் ராத்திரியில் தொடை, முதுகு என்று திட்டுத்திட்டாக எழும்பி, காலையில் தடம் தெரியாமல் மறையும். அம்மா போனிலேயே காணாக்கடி என்று முடிவு கட்டி, வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னாள்.

காட்டிக் கொடுத்தது எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம். ஒன்று தின்றதும் உதடு தடித்து, அண்ணாக்கு அரித்தது. தோல் டாக்டரிடம் போகிற போக்கில் இதைச் சொன்னபோது, அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “என்ன கையுறை போடறீங்க சிஸ்டர்?” என்றார். ரப்பர் பாலில் உள்ள சில புரதங்களின் சாயல் வாழை, அவகாடோ, கிவி பழங்களிலும் உண்டாம், உடம்பு ஆள் தெரியாமல் இரண்டையும் அடிக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் லேடெக்ஸ் அலர்ஜி, அதாவது ரப்பர் பால் ஒவ்வாமை என்றே வந்தது.

சொந்தக் காசில், ரப்பர் பால் சேராத நைட்ரைல் கையுறை வாங்கினேன். மணிக்கட்டு வளையல் ஒரே வாரத்தில் போய்விட்டது. ஆனால் பக்கத்தில் யாராவது பவுடர் போட்ட லேடெக்ஸ் கையுறையைப் பிரித்தால் போதும், தும்மல் வரும். அந்தச் சோள மாவுப் பவுடர் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கிறது. அமெரிக்காவில் 2017 ஜனவரியிலேயே பவுடர் கையுறைக்குத் தடை வந்துவிட்டது. எங்கள் பர்சேஸில் கேட்டால், “ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா சிஸ்டர்?” என்றார்கள். ரிப்போர்ட்டை இணைத்து எழுத்தில் கொடுத்தபிறகுதான் எங்கள் தியேட்டருக்கு மட்டும் மாற்றினார்கள், அதுவும் நாலு மாதம் இழுத்து.

இத்தனைக்குப் பிறகும் ராத்திரித் தடிப்பு நிற்கவில்லை. 15 நாள் லீவில் ஊரில் இருந்தபோதும் வந்தது. லேடெக்ஸால் வருவது பெரும்பாலும் தொட்ட சில நிமிடங்களில் எழும்பி, சில மணி நேரத்தில் அடங்கிவிடும், தினம் கையுறை போடுகிறவர்களுக்கு அதுவே தீராத காணாக்கடிபோலத் தெரியலாம், அதனால் முதலில் அதை விலக்கிப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் விலக்கியும் 6 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது பெரும்பாலும் தானாகக் கிளம்புவது, பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே செய்கிற வேலை என்றார் டாக்டர். ஆக எனக்கு இருப்பது இரண்டு தொல்லை. உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நிம்மதியாக இருந்தவள் நான்.

இப்போது தூக்கக் கலக்கம் தராத அலர்ஜி மாத்திரை தினம் ஒன்று. பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறக்குமுன் லேடெக்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊருக்கு வருகிறேன் என்றால் அப்பா ஒட்டுபால் சாக்கைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். மட்டிக்குலையை மட்டும் மறந்து, திண்ணையிலேயே தொங்கவிட்டிருப்பார்.