நானே உருட்டிக்கிறேன்

எங்கள் வீட்டிலிருந்து மெரினா மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அம்மா கடலைப் பக்கத்தில் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு வீல்சேர்தான். மணலில் அதைத் தள்ளியவர்களுக்குத் தெரியும்: முன்சக்கரம் இரண்டும் முதலில் புதையும், அப்புறம் தூக்கிவிட நாலு பேர் ஓடிவருவார்கள். அம்மாவுக்கு அந்த நாலு பேரைத்தான் பிடிக்காது. "நான் என்ன அரிசி மூட்டையா?" என்பாள்.

வாடகைக் காரும் சரிப்படவில்லை. டிக்கியை அடைத்துக்கொண்டு சிஎன்ஜி சிலிண்டர். மடித்த வீல்சேருக்கு இடமில்லை.

சரி, பஸ்ஸில் போவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். 2024 ஆகஸ்ட் முதல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. என்ன, அது வர நாற்பது நிமிஷம் ஆனது. நடுவில் வந்த நாலும் படிக்கட்டு வண்டி. பெட்ரோல் மிச்சம், புகை மிச்சம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா காதிலேயே வாங்கவில்லை. பூக்காரம்மாவோடு ஊர்க்கதை பேசி, பேரம் பேசி, இரண்டு முழம் கதம்பம் வாங்கி முடித்திருந்தாள். டாக்டர், பிஸியோ தவிர வெளியாளிடம் அவள் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று!

பஸ் வந்து நின்றதும் புஸ்ஸென்று காற்றை இறக்கித் தாழ்ந்தது. கண்டக்டர் வாசலில் மடித்திருந்த சாய்பலகையை விரித்துப் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணல்மேல் 263 மீட்டர் நீள மரப்பாதை. 2022 நவம்பரில் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் மாண்டஸ் புயல் அதன் கடல்பக்க முனையைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். பாதையில் ஏறியதும் அம்மா, "கையை எடு, நானே உருட்டிக்கிறேன்" என்றாள். பலகை இடுக்குகளில் சக்கரம் டக் டக்கென்று தட்டத் தட்ட, நான் பின்னால் வெறுங்கையோடு நடந்தேன். செல்ஃபிக்காக வழியை மறித்து நின்ற கூட்டத்தையும் அவளே அதட்டி விலக்கினாள்.

பாதை முடியும் இடத்தில் கைப்பிடி வேலி. அதற்கப்பால் மறுபடியும் மணல், அப்புறம்தான் அலை.

"தண்ணி கால்ல படாதா?"

காலி பாட்டிலோடு ஓடிப்போய்க் கடல்நீர் பிடித்துவந்து பாதத்தில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"பிசுபிசுங்குது, துடை. அந்த பஸ்ஸு போயிடப் போகுது."